கண்டாக்கு ஐயாவின் குரல்

கேத்ரின் ஜெபக் கூட்டத்தோடு வாசலில் வந்து நின்றபோது, கஸ்பர் கண்ணாடி முன்னால் மூன்றாவது ஆளாக இருந்தான். இடுப்பில், மனைவி தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கு. தலையில் அவளுடைய துவாய். இல்லாத கொழுந்தைக் கிள்ளி இல்லாத கூடைக்குள் வீசிக்கொண்டிருந்தான்.

"தம்பி, பயப்படாதீங்க. ஜெபம் பண்ணிட்டுப் போயிர்றோம்," என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கேத்ரின். அவளுக்குப் பின்னால் நான்கு பெண்கள், ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு.

"யாருக்கு என்ன?"

"ஒங்களுக்குத்தான். ஒரு கிழமையா தனியாப் பேசிக்கிட்டிருக்கீங்க. சிரிக்கிறீங்க. அழுறீங்க. நேத்து யார்கிட்டயோ கெஞ்சுனீங்க."

"தனியா இல்லக்கா. நாங்க ஏழு பேர்."

பின்னால் நின்ற பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

கஸ்பர் தலைத்துவாயை அவிழ்த்து எறிந்தான். "நாடகம்க்கா. ஒரே ஆள் மேடையில நின்னு ஏழு பேரா நடிக்கிறது. கங்காணி, தொரை, கொழுந்து எடுக்கிற பொம்பள, அவ புருசன், இன்னும் ரெண்டு பேர், கண்டாக்கு, எல்லாரும் நானே."

கேத்ரின் கொஞ்சம் யோசித்தாள். "ஏழு பேரா? எங்களுக்கு ஒருத்தர் சத்தந்தானே கேட்டுச்சு."

பைத்தியம் என்று நினைத்ததைக்கூட கஸ்பர் பொறுத்துக்கொள்வான். இது நெஞ்சில் உதைத்த மாதிரி இருந்தது.

கேட்காமல் இருக்கவும் வழியில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எத்தனை காம்பரா இருந்தாலும் கூரை ஒன்றுதான். நடுவில் எழுப்பிய சுவர் கூரையைத் தொடாது. கட்டின காலத்தில் வெள்ளைக்காரனுக்குக் கல் மிச்சம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அதை அடைக்க மனமில்லை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கொத்தமல்லி போடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு கிழமை முழுக்கத் தொண்டை கிழிய ஏழு குரலில் பேசியவனுக்குக் கிடைத்த பட்டம், தனியாகப் பேசுகிறவன்.

கஸ்பர் நடிகன். தொழில் என்ன என்று கேட்டால் அப்படித்தான் சொல்வான். கேட்டவர்கள், "அது சரி, வேலை என்ன?" என்று மறுபடியும் கேட்பார்கள். கொழும்பில் எடுக்கும் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் தோட்டத்து ஆள் தேவைப்பட்டால் இவனுக்கு அழைப்பு வரும். ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறிப் போவான். கை கட்டி நிற்பான். "சரிங்க ஐயா" என்பான். திரும்பி வருவான். எத்தனையோ நாடகம், அத்தனையிலும் அதே 'சரிங்க ஐயா'. பாத்திரத்துக்கு ஒரு பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றியதில்லை. போன வருசம் ஒரு நாடகத்தில், ஆளைப் பார்த்தால் தோட்டத்து ஆள் மாதிரி இல்லை என்று சொல்லி முகத்தில் கரி பூசினார்கள். லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, லயத்திலேயே கல்யாணமும் கட்டியவனுக்கு, கொழும்பில் பம்பலப்பிட்டியைத் தாண்டாத ஒருவன் தோட்டத்து ஆள் எப்படி நிற்பான் என்று நின்று காட்டினான்.

அந்தக் கோபத்தில்தான் தனக்கென்று ஒரு நாடகத்தை எழுதினான். கொழும்பில் தனிநபர் நாடக விழா ஒன்று நடக்கப்போகிறது. மலைநாட்டுக்கு ஓர் இடம். பொறுப்பு சுகந்தன் என்ற இயக்குநர். கஸ்பர் தன் நாடகத்தைப் போனில் பதிந்து அனுப்பியிருந்தான். சுகந்தன் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"கண்ண மூடிட்டுக் கேட்டேன் கஸ்பர். ஏழு பேர் வரணும். ஒரே ஆள்தான் வாறார். ஏழு தரம் வாறார். சனிக்கிழமை டிக்கோயா கோயில் மண்டபத்துக்கு நானே வந்து பார்க்கிறேன். அதுக்குள்ள ஏழு பேரையும் பிரிச்சு எடுங்க. இல்லாட்டி அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும்."

இப்போது கேத்ரினும் அதையே சொல்லிவிட்டாள், கண்ணை மூடாமல்.

குழாயடியிலிருந்து துவைத்த துணியோடு திரும்பிய இசபெல், வீட்டு வாசலில் எரியும் மெழுகுவத்திகளைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள்.

"யார் செத்தது?"

"யாரும் சாகல இசபெல். ஒன் புருசனுக்காக ஒரு ஜெபம். முன்ஜாக்கிரதைக்கு."

"எம் புருசனுக்கு என்ன கொறச்சல்? அவருக்குப் பைத்தியம் புடிச்சா எங்கிட்ட சொல்லாமலா புடிக்கும்?"

பெண்கள் கலைந்தார்கள். இசபெல் கதவைச் சாத்திவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒங்க ஏழு பேரையும் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் மலைப் பக்கம் போய்ப் பேசுங்க. நாளைக்குக் குருவானவரையும் கூட்டிக்கிட்டு வந்துரப் போறாளுக."

மறுநாள் காலை கஸ்பர் மலை ஏறினான்.

கொழுந்தெடுக்கும் மலைகளில் ஏழாம் நம்பருக்கு மேலே ஒரு பாறை உண்டு. அன்று ஆட்களுக்கு வேலை ரெண்டாம் நம்பரில் என்று முந்தின நாளே இசபெல் சொல்லியிருந்தாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் அவர்களை ஏழாம் நம்பருக்கு மாற்றி அனுப்பியது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பனி அப்படி இறங்கியிருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. காலில் ஏறும் அட்டையை மட்டும் தடவிப் பார்த்துப் பிய்த்து எறிய முடிந்தது.

கடைசிக் காட்சியை எடுத்துக்கொண்டான். நாடகத்தின் உயிரே அதுதான். ஏழாவது ஆள் கண்டாக்கு. தொரைக்குக் கீழே, கங்காணிக்கு மேலே, மலையில் ஆட்களை விரட்டுகிற உத்தியோகத்தர். நாடகம் முழுக்க அவர் திட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் மழை வரும். கொழுந்து எடுக்கிற பொம்பளை வழுக்கி விழுவாள். அதைப் பார்த்ததும் கண்டாக்குக்கு மனசு இளகும். அந்த நாலு வரியை எழுத கஸ்பருக்கு ஒரு மாசம் ஆனது. எழுதி முடித்த அன்று அவனே அழுதான்.

குரலுக்கு அவன் எடுத்துக்கொண்டது தங்கள் டிவிசன் கண்டாக்கு முத்துலிங்கத்தை. பாதி மூக்கிலிருந்தும் பாதி வயிற்றிலிருந்தும் வரும் கட்டைக் குரல். கஸ்பர் பாறைமேல் நின்று மூச்சை இழுத்து விட்டான்.

"போதும்மா. மழை வருது. எல்லாரும் கூடையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. யாரும் பயப்பட வேணாம். எல்லாருக்கும் முழுப்பேர் போட்டுர்றேன்."

சரியாக வரவில்லை. மூக்கைக் கொஞ்சம் கூட்டி இன்னொரு தரம் சொன்னான். மூன்றாவது தரம், 'போதும்மா' என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்திச் சொன்னபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. கீழே பனிக்குள் செடிகள் சரசரத்தன. பன்றியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பியபோது இசபெல் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இந்நேரத்துலயே எறங்கிட்ட?"

"கண்டாக்கு ஐயா போகச் சொல்லிட்டாரு. மழை வருதாம். முழுப்பேராம்."

கஸ்பர் கதவைப் பிடித்துக்கொண்டான். "எந்த மலை?"

"ஏழாம் நம்பர். பெரட்டுல மாத்திட்டாங்க."

"அவர நீ பாத்தியா?"

"பனியில எங்க பாக்குறது? மேல பாறப் பக்கத்துலருந்து சத்தம் வந்துச்சு."

கஸ்பர் பயந்துபோனான். பேர் என்பது விளையாட்டில்லை. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். நேரத்தோடு மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர். கண்டாக்குக்குக் கோபம் வந்தால் அதுவும் இல்லை. ஒரு மலை ஆட்களின் பேரை அவன் வாயால் கெடுத்திருந்தான். அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல மேலே வந்தது. அதை அவனால் அடக்க முடியவில்லை.

"எப்படிச் சொன்னாரு?"

"எப்படின்னா?"

"குரல் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறேன்."

இசபெல் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு. 'போதும்மா'ன்னுட்டு ஒரு மூச்சு நிறுத்துனாரு. மனசு உருகிப்போச்சு."

கஸ்பர் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து தூணில் சாய்ந்துகொண்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள் நம்பியிருக்கிறார்கள். சுகந்தன் கேட்டது இதைத்தானே.

பகலில் கொழுந்து நிறுக்கப் போன முத்துலிங்கம், ஏழாம் நம்பரில் ஒரு குருவியைக்கூடக் காணவில்லை. கங்காணியையும் காணவில்லை. கங்காணிதான் முதல் ஆளாக இறங்கிப் போயிருந்தான். முத்துலிங்கம் நேரே லயத்துக்கு வந்து முற்றத்தில் நின்றார்.

"யாரக் கேட்டு மலைய விட்டு எறங்குனீங்க?"

நாகலெட்சுமி முன்னால் வந்தாள். அந்த மலை ஆட்களில் மூத்தவள். எல்லாருக்கும் பதில் சொல்லிப் பழகியவள். "நீங்கதானே ஐயா சொன்னீங்க."

"நானா?"

"போதும்மான்னு சொன்னீங்க. கூடையத் தூக்கிக்கிட்டுப் போங்கன்னீங்க. முழுப்பேர்னு சொன்னீங்க. மாதா மேல சத்தியமாக் கேட்டோம்னு இந்தா இசபெலும் சொல்லுறா."

"கேட்டோங்க ஐயா," என்றாள் இசபெல்.

முத்துலிங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு முகம்கூட அசையவில்லை. பிரசருக்கு அவர் போன மாசம்தான் புது மாத்திரை மாற்றியிருந்தது லயம் முழுக்கத் தெரியும். அது ஆளை ஒரு மாதிரி ஆக்கும் என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "சரி, பாப்போம்," என்று முனகிக்கொண்டு போனார். குரலில் காரம் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் முழுப்பேர் விழுந்து, விசயம் முடிந்திருக்கும். கஸ்பரால் விட முடியவில்லை. மனச்சாட்சி உறுத்துகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையில் உறுத்தியது வேறு. தன் வாழ்நாளில் நடித்த ஒரே நல்ல நடிப்பு, முத்துலிங்கத்தின் மாத்திரைக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் கண்டாக்கு குவாட்டர்சுக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

"ஐயா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லங்க. நாந்தான் பேசுனேன். நாடகத்துக்குப் பழகுனேன். ஆள் இருக்குன்னு தெரியாது."

முத்துலிங்கம் மாத்திரை உறையை மேசையில் வைத்தார். "நீ பேசுனியா? எங்கொரல்லயா?"

"ஆமாங்க."

"பேசு, பாப்போம்."

கஸ்பர் பேசினான். மூக்கு, வயிறு, 'போதும்மா', ஒரு மூச்சு நிறுத்தம், எல்லாம் வைத்துப் பேசினான்.

முத்துலிங்கம் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இது எங்கொரலா?"

"யாரோ சளி புடிச்ச ஆள் மாதிரி இருக்கே," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

அங்கே கஸ்பர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கரி பூசின முகம் அவனுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "ஐயா, ஒங்க கொரல் ஒங்களுக்குத் தெரியாது. யாருக்குமே அவங்க கொரல் தெரியாது. மலையே நம்பிருச்சு. அதுக்கு என்ன சொல்லுறீங்க?"

"மலை நம்பல. மலை நடிச்சிருக்கு," என்றார் முத்துலிங்கம், முகம் சிவக்க. "நீயும் ஒம் பொஞ்சாதியும் திட்டம் போட்டுப் பண்ணியிருக்கீங்க. நாளைக்கு வா, தொரைகிட்டப் பேசிக்கிருவோம். ஒருத்திக்கும் பேர் கெடையாது. நீ இனிமே தோட்ட எல்லைக்குள்ள வாயத் தொறக்கக் கூடாது."

இசபெல் விசயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஒங்கள யாரு அங்க போகச் சொன்னா? அந்த மனுசன் அவர் மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தாரு. முழுப்பேர் கைக்கு வந்திருக்கும்."

"உண்மையச் சொன்னேன்."

"யாரு கேட்டா உண்மைய?"

மறுநாள் தோட்ட ஆபிசில் விசாரணை. தொரை இளவயதுச் சிங்களவர். தமிழைத் தேவைக்கு அளந்து வைத்திருந்தார். ஒரு பக்கம் முத்துலிங்கம், ஒரு பக்கம் கஸ்பர், வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள்.

"சேர், இவன் கொரல் எங்கொரல் மாதிரியே இல்ல. இவளுக தெரிஞ்சேதான் எறங்கிப் போயிருக்காளுக," என்றார் முத்துலிங்கம்.

"அச்சுல வார்த்த மாதிரி அதே கொரல் சேர்," என்றாள் நாகலெட்சுமி.

தொரை கன்னத்தைச் சொறிந்தார். "ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "ரெண்டு பேரும் பின் ரூமுக்குப் போறது. கதவு சாத்துறது. ஒவ்வொரு ஆள் அதே மாதிரி பேசுறது. இவங்க யார் யார்னு சொல்லணும். சரியாச் சொன்னா, அன்னைக்கும் தெரிஞ்சிருக்கும்தானே. பேர் இல்ல. இந்த ஆள் எல்லைக்கு வெளியில. மாத்திச் சொன்னா, ஏமாந்தது நெசம். முழுப்பேர்."

பின் அறையில் பழைய பைல்களுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றார்கள். கஸ்பர் தொண்டையைச் செருமிக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணில்லாத காதுகள். கொழும்பில் எந்த மேடையிலும் இப்படி ஒரு சோதனை அவனுக்கு நடந்ததில்லை.

முதலில் முத்துலிங்கம் பேசினார். தன் குரலைத் தானே காப்பாற்ற வேண்டிய நிலை வந்ததில் ஆத்திரம் தாங்கவில்லை. வார்த்தைகள் கல்லெறி மாதிரி விழுந்தன.

அடுத்தது கஸ்பர். கண்ணை மூடினான். பனி, பாறை, அட்டை, வழுக்கி விழுந்த பொம்பளை, எல்லாவற்றையும் கொண்டுவந்தான். "போதும்மா," என்றான். ஒரு மூச்சு நின்றான். மீதியைச் சொன்னான்.

கதவு திறந்தது.

"ரெண்டாவது பேசுனதுதான் எங்க ஐயா," என்றாள் நாகலெட்சுமி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருத்திகூடத் தடுமாறவில்லை.

"மொதல்ல பேசுனது?" என்றார் தொரை.

"அது கஸ்பர் தம்பி. கொஞ்சம் செயற்கையா இருந்துச்சு."

முத்துலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். "செயற்கையா?" என்று கேட்டார். "நானா செயற்கை? ஏய், எங்கொரல் எனக்கு எப்படிடீ செயற்கையா இருக்கும்?" தொரை உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது.

"ஹரி. எல்லாருக்கும் முழுப்பேர். கஸ்பர் இனிமே மலையில நடிக்கிறது இல்ல. மேடையில நடிக்கிறது."

ஆபிசுக்கு வெளியே வந்ததும் கஸ்பர் சுகந்தனுக்குப் போன் போட்டான். ஒன்று விடாமல் சொன்னான்.

"கண்டாக்கையே பக்கத்துல வச்சுக்கிட்டா?" என்றார் சுகந்தன்.

"பக்கத்துலயே நின்னாரு சேர். அவரத்தான் போலின்னு சொன்னாங்க."

"கஸ்பர், நான் மன்னிப்புக் கேக்கணும். பிழை என்ட காதிலதான். சனிக்கிழமை நான் வரத் தேவையில்ல. இடம் உங்களுக்குத்தான். 'நேரில் கேட்டவர்களே நம்பிய குரல்' எண்டு போஸ்டர்லயே போடுவோம்."

கஸ்பர் போனைச் சட்டைப் பையில் வைத்தான். எத்தனையோ 'சரிங்க ஐயா'வுக்குப் பிறகு ஒருவர் தன்னிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னதை நம்ப அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு வேகமாக நடந்தான். நன்றி சொல்ல வேண்டியவர்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இருந்தார்கள்.

மாலை நிறுவை முடிந்து பெண்கள் படங்கை உதறிக்கொண்டிருந்தார்கள். கஸ்பர் திண்ணென்று நடுவில் போய் நின்றான். மேடையில் நிற்கிற மாதிரிதான் நின்றான்.

"அக்காமாரே, எனக்குக் கொழும்புல இடம் கெடச்சிருச்சு. அது ஒங்களாலதான். படிச்சவங்க, டிவிக்காரங்க, ஒருத்தரும் என்னைய நம்பல. நீங்க நம்புனீங்க. கண்ணால பாக்காம, கொரல மட்டும் கேட்டு நம்புனீங்க. இதுக்கு மேல ஒரு நடிகனுக்கு வேற என்ன வேணும்?"

"நல்லா வருவீங்க தம்பி," என்றாள் நாகலெட்சுமி.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்குப் பனியில, எந்த எடத்துல ஒங்களுக்கு அது கண்டாக்கு ஐயாதான்னு நிச்சயமாத் தெரிஞ்சிச்சு? அந்த எடத்த நான் மாத்தாம அப்படியே வச்சுக்கிறேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இசபெல் சட்டென்று குனிந்து கூடைக் கயிற்றில் முடிச்சைத் தேட ஆரம்பித்தாள்.

"பரவால்ல, சொல்லுங்க," என்றான் கஸ்பர். "நான் எழுதுன வரியிலயே ஒங்க மனசுல நின்னது எது?"

நாகலெட்சுமி துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத வார்த்தையிலயே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு தம்பி. அந்த மனுசன் இத்தன வருசத்துல என்னைக்கு எங்களப் பாத்து 'போதும்மா'ன்னு சொல்லியிருக்காரு?"